நாலாம் ஆண்டு ஸ்கொலர்ஷிப் வகுப்பு அல்ல



பொகவந்தலாவை டவுனிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இந்த வருடம் தரம் 4க்குப் பிள்ளையை அனுப்பியிருக்கும் எல்லாப் பெற்றோருக்கும் இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். சிலருக்குக் கோபமும் வரும். ஆனாலும் கடைசிவரை வாசியுங்கள்.

வருடம் தொடங்கியதும் ஆசிரியர்களான எங்களிடம் வரும் முதல் கேள்வி, "எப்ப பேப்பர் செய்யத் தொடங்குவீங்க?" என்பதுதான். பிள்ளை ஒழுங்காக வாசிக்கிறானா, வகுப்பில் வாய் திறந்து பேசுகிறாளா என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. புலமைப்பரிசில் பரீட்சை தரம் 5இல்தான் வருகிறது. அதற்கு இன்னும் ஒன்றரை வருடத்துக்கு மேல் இருக்கிறது. பிள்ளைக்கு வயது எட்டு, ஒன்பது.

எங்கள் பதில் இதுதான்: நாலாம் ஆண்டில் பேப்பர் வேண்டாம். சோம்பலில் சொல்லவில்லை. இந்த வருடத்தில் நடக்க வேண்டிய வேலை வேறு, அது தவறினால் பிறகு செய்ய ஆளில்லை.

நமது ஆரம்பக் கல்வி மூன்று நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. தரம் 1, 2 முதலாம் நிலை. தரம் 3, 4 இரண்டாம் நிலை. தரம் 5 மூன்றாம் நிலை. அதாவது எழுத்தும் கணக்கும் கையில் ஊறிப்போக வேண்டிய நிலையின் கடைசி வருடம் நாலாம் ஆண்டு. அதுவரை பிள்ளை வாசிக்கப் பழகுகிறது. அதற்குப் பிறகு வாசித்துத்தான் மற்ற எல்லாவற்றையும் படிக்க வேண்டும். தடுமாறி வாசிக்கும் பிள்ளையைப் பிடித்து நிறுத்தி, பக்கத்தில் உட்கார வைத்துத் திருத்த எங்களுக்கு நேரம் இருக்கும் வருடம் இது. ஐந்தில் பரீட்சை துரத்தும். ஆறில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வருவார். விஞ்ஞானம் கற்பிக்க வரும் ஆசிரியர் எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லித்தர மாட்டார். எட்டாம், ஒன்பதாம் ஆண்டில் படிப்பை விட்டுவிட்டுக் கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போகும் பையன்களில் பலர் தொலைந்தது அந்த வருடத்தில் அல்ல. இங்கேதான் தொலைந்தார்கள்.

இப்போது பேப்பரைப் பாருங்கள். முதலாம் வினாத்தாளில் 40 கேள்விகள், இரண்டாவதில் 60. விடைகளில் சரியானதைத் தெரிவு செய்யும் பழக்கம்தான் அதில் பெரிய பங்கு. சத்தமாக வாசிப்பதற்கு அதில் புள்ளி இல்லை. எழுந்து நின்று நாலு வசனம் பேசுவதற்கும் இல்லை. வாசிக்கத் தெரியாத பிள்ளையும் பத்துப் பேப்பர் செய்தால் எங்கே கோடு போடுவது என்று பழகிக்கொள்ளும். புள்ளி கொஞ்சம் ஏறும். நாங்களும் சந்தோஷப்படுவோம், நீங்களும் சந்தோஷப்படுவீர்கள். குறை மட்டும் உள்ளே அப்படியே இருக்கும்.

"அப்ப ஸ்கொலர்ஷிப் வேண்டாமா?" என்று கேட்பீர்கள். அந்த ஆசை எங்களுக்கும் புரிகிறது. சி. டப்ளியூ. டப்ளியூ. கன்னங்கர 1940களில் மத்திய பாடசாலைகளைக் கட்டியெழுப்பியபோது, ஏழைக் கிராமத்துப் பிள்ளை விடுதியில் தங்கிப் படிக்க வழியாக வந்ததே இந்தப் புலமைப்பரிசில். நமது மலைக்கு அது நேரத்துக்கு வரவில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதே எழுபதுகளில்தான். அதனால் இது கிடைத்த ஏணி, விடக்கூடாது என்று நினைக்கிறோம். நியாயம்தான்.

ஆனால் ஏணியில் எத்தனை பேர் ஏறுகிறார்கள்? நாடு முழுவதும் மூன்று இலட்சம் பிள்ளைகள் அளவில் எழுதுகிறார்கள். அண்மைய வருடங்களில் வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்கள் ஏறக்குறைய ஆறில் ஒருவர். மற்ற ஐந்து பேரும் நமது பிள்ளைகள்தான். ஒருவரின் படத்தைப் பதாகையில் போட்டுத் தொங்கவிட்டு, ஐந்து பேருக்குத் தோற்றுவிட்டாய் என்று பத்து வயதில் சொல்லிக்கொடுக்கிறோம். அதை ஒன்பது வயதிலேயே தொடங்க வேண்டுமா? 2024இல் வினாத்தாளின் மூன்று கேள்விகள் முன்கூட்டியே வெளியாகி, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. சின்னப் பிள்ளைகளின் பரீட்சை பெரியவர்களின் போட்டியாகிவிட்டதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

டியூஷன் நடத்துகிறவர்கள் கோபிக்க வேண்டாம். பாடசாலையில் தரவேண்டியதைக் குறைத்து, பின்னேரம் அதையே காசுக்குத் தருகிறவர்கள் எங்கள் தொழிலிலும் இருக்கிறார்கள். அது சரியில்லை. அந்த மாதக் கட்டணத்துக்கு ஒரு தாய் மழையில், அட்டைக் கடியில் எத்தனை பேர் போட வேண்டும் என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். பின்னேரம் ஓதப் போகும் பிள்ளை மத்ரஸாவை விடுகிறது. கோயில் அறநெறி வகுப்புக்குப் போகும் பிள்ளை அதை விடுகிறது. விளையாட்டு எப்போதோ போய்விட்டது.

எங்களிடம் கேளுங்கள், உரிமையோடு கேளுங்கள். ஆனால் இவற்றைக் கேளுங்கள்:

1. டிசம்பருக்குள் என் பிள்ளை தமிழ்ப் புத்தகத்தின் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் தடுமாறாமல் வாசிக்குமா? வாசித்ததைத் தன் சொல்லில் சொல்லுமா?

2. பார்த்து எழுதாமல், தானாக ஐந்தாறு வசனம் எழுதுமா?

3. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கும் விளங்கிச் செய்யுமா? கடைக்கு அனுப்பினால் மிச்சக் காசைச் சரியாகக் கொண்டுவருமா?

4. சிங்களத்தில் பஸ் பலகை வாசிக்குமா? ஆஸ்பத்திரியில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்லுமா? ஆங்கிலத்தில் தன்னைப் பற்றி இரண்டு வசனம் பேசுமா?

5. சுற்றாடல் பாடத்தில் வெளியே கூட்டிப்போய்க் காட்டினீர்களா, கொப்பியில் எழுத மட்டும் வைத்தீர்களா?

இவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியது எங்கள் கடமை. பதில் இல்லையென்றால் அதிபரிடம் போங்கள். நாங்கள் கோபிக்கமாட்டோம்.

உங்களிடமும் நாங்கள் கேட்கிறோம். சம்பள நாளைக்கும் திருவிழாவுக்கு மறுநாளைக்கும் பிள்ளையை வீட்டில் நிறுத்தாதீர்கள். படிக்காத அம்மா என்று கூச்சப்படாதீர்கள். இரவில் கால் மணி நேரம் பிள்ளை வாசிக்க, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் போதும். தடுமாறுகிறதா இல்லையா என்று கேட்கும் காதுக்கு எழுத்து தெரிய வேண்டியதில்லை. தடுமாறினால் அடிக்காதீர்கள், அடுத்த நாளே எங்களிடம் சொல்லுங்கள்.

நாலில் நன்றாக வாசிக்கும் பிள்ளைக்கு ஐந்தில் பேப்பர் பழக்க ஒரு வருடம் தாராளமாகப் போதும். நாலில் வாசிக்காத பிள்ளைக்கு எத்தனை பேப்பர் கொடுத்தும் பயனில்லை. அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அரைநாள் லீவு போட்டாவது வாருங்கள். "எப்ப பேப்பர்?" என்று கேட்காதீர்கள். "என் பிள்ளையை இப்ப வாசிக்கச் சொல்லுங்க, நான் கேட்கிறேன்" என்று சொல்லுங்கள். அதற்கு நாங்கள் தயாராக இருக்கிறோம்.