ரேடியோ சாகல, ஜாயின்ட்தான் செத்துப்போச்சு

பொங்கலுக்கு சென்னையிலிருந்து வந்த அக்கா பையன், மாடியில இருந்த ஆன்டெனாவைப் பார்த்துட்டு "இன்னுமா மாமா ரேடியோ? எல்லாம்தான் போன்ல வருதே"ன்னு சிரிச்சான். அன்னிக்கு நான் ஒண்ணும் பேசல. அவனுக்கும் அவனை மாதிரி நினைக்கிற பட்டணத்து ஜனங்களுக்கும் இப்ப சொல்றேன்.

2011 டிசம்பர் 30ஆம் தேதி காலையில தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையேறுச்சு. என் சவுக்குத் தோப்புல பாதி சாஞ்சுது. கரண்ட் போச்சு, பின்னாலேயே போனும் போச்சு. டவர் பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும். அப்புறம் டீசல் வரணும், டீசல் வர ரோடு வேணும். ரோட்டுலதான் மரம் கிடக்குதே! விழுந்த கழியை மறுபடி நட்டு, செம்புக் கம்பியை இழுத்துக் கட்டி, பேட்டரி ரேடியோவுலதான் எங்க தெருவே சேதி கேட்டுச்சு.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல். பக்கத்து மயிலத்துல ஒரே நாள்ல சுமார் 50 செ.மீ. மழை. அந்தப் புயல் கரையேறியும் நகராம நின்னுது. அது எங்களுக்கு எப்படித் தெரியும்? என் ரேடியோவுல கொரகொரன்னு இரைச்சல்தான். மாட்டை அவுத்து விடறதா, கட்டி வைக்கறதான்னு தெரியாம விடிய விடிய உக்காந்திருந்தோம்.

அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடிதான் எஃப்.எம். ஆன்டெனா மாட்டியிருந்தேன். மாட்டினவரைக் கேட்டா "செட்டு பழசு, மாத்துங்க"ன்னார். நானே மேல ஏறிப் பிரிச்சேன். அலுமினியக் குழாய்ல செம்புக் கம்பியை வச்சு, சாதா இரும்பு ஸ்குரூ முடுக்கி, மேல கருப்பு டேப். டேப்பு வெயில்ல பிசுபிசுத்து வாயைப் பொளந்திருக்கு. உள்ள பச்சைத் தூள், வெள்ளைத் தூள், செந்துரு. கேபிளை ஒரு முழம் வெட்டியும் பின்னல் கம்பி கருப்பாவே இருந்துது.

இது விதி இல்ல, வேலைத் திருட்டு. எங்களுக்குக் கிழக்கே கடல், வடகிழக்கே மரக்காணம் உப்பளம். ஐப்பசி, கார்த்திகையில காத்து அங்கிருந்துதான் வருது. காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா உப்புத்தூள் தானாவே ஈரத்தை இழுத்துக் கரையும். மழையே வேண்டாம். செம்பும் அலுமினியமும் உப்புத்தண்ணியில சேர்ந்தா அது ஒரு குட்டி பேட்டரி. அதுல கரையறது அலுமினியம். அந்த வெள்ளைத்தூள் மின்சாரத்தைக் கடத்தாது. எஃப்.எம். அலை கம்பியோட மேல்தோல்லதான் ஓடும், ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்குகூட உள்ள போகாது. தோல் கெட்டா எல்லாம் கெட்டுது. கேபிள் பின்னலோ விளக்குத்திரி எண்ணெய் இழுக்கிற மாதிரி தண்ணியை உள்ள இழுத்துக்கும். குழாயைப் பார்த்தா பளபளன்னு நிக்கும், உயிர் ஜாயின்ட்டுல போயிருக்கும்.

இதைத் தடுக்க ராக்கெட் விஞ்ஞானி வேண்டாம். துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்குரூ போடணும். செம்புக்கும் அலுமினியத்துக்கும் நடுவுல ஈயம் பூசின வாஷர் வைக்கணும். மேல வாசலின் தடவி, தன்னோட தானே ஒட்டிக்கிற ரப்பர் டேப்பை கீழேயிருந்து மேலே சுத்தணும். கூரை வேயறது அப்படித்தானே, மேல் வரிசை கீழ் வரிசையை மூடினாத்தான் தண்ணி உள்ள போகாது. கேபிளைத் தொங்கலா ஒரு வளைவு விட்டா மழைத்தண்ணி அந்த வளைவுலயே சொட்டிடும். நாலு பேர் ஓட்டல் சாப்பாட்டுக் காசுகூட ஆகாது.

என் வீட்டு ஆன்டெனா போனா என் தூக்கம்தான் போகும். ஆனா கடற்கரையில நிக்கிற சைரன், ஒயர்லெஸ் கம்பம், போன் டவர் எல்லாத்துலயும் இதே ஜாயின்ட், இதே உப்புக்காத்து. திறப்பு விழாவுக்குப் பந்தல் போடறோம், கல்வெட்டு வைக்கறோம். ரெண்டு வருஷம் கழிச்சு ஸ்பேனரோட ஏறிப் பார்க்க ஒரு ஆளுக்குச் சம்பளம் ஒதுக்கினோமா? மழைக்கு முன்னாடி ஏரி மதகுக்கு கிரீஸ் போடறது எங்களுக்குத் தெரியும். அதே புரட்டாசியில இந்த ஜாயின்ட்டுகளையும் பிரிச்சுப் பார்த்துக் கட்டணும். வாங்கற காசுல ஒரு பங்கு பராமரிப்புக்குன்னு எழுதி வைக்காத எந்தக் கருவியும் எங்க கரைக்கு வேண்டாம்.

1960கள்ல தஞ்சாவூர் விவசாயிங்க ஆடுதுறை 27 நெல்லை வானொலியில கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு நட்டாங்க. அதுக்கு "ரேடியோ நெல்"லுன்னே பேரு வந்துது. அப்படி ஊருக்குச் சோறு போட்ட சாமானைத்தான் "இன்னுமா"ன்னு கேக்கறீங்க.

சென்னையும் கடற்கரைதான் தம்பி. உங்க மாடியில இருக்கிற டிஷ், கேமரா ஜாயின்ட்டை ஒரு தடவை பிரிச்சுப் பாருங்க. பச்சைத்தூள் இருந்தா, மாமா சொன்னது நினைவுக்கு வரட்டும்.