முதலில் கூட்டம், பிறகு சட்டம்

மாத்தளை மாவட்டத்தில் முஸ்லிம்கள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனாலும், போருக்குப் பிந்திய முஸ்லிம் விரோத அரசியலைப் பற்றிப் பேசுகிறவர்கள் அம்மாவட்டத்தின் தம்புள்ளையைத் தவிர்க்க முடியாது. 2012 ஏப்ரல் 20, வெள்ளிக்கிழமை, இனாமலுவே சுமங்கல தேரர் தலைமையில் திரண்ட கூட்டம் அங்குள்ள ஹைரியா பள்ளிவாசலை முற்றுகையிட்டது. அன்றைய ஜும்ஆத் தொழுகை கைவிடப்பட்டது. புனித பூமி எல்லைக்குள் அது சட்டவிரோதமாக நிற்கிறது என்றார்கள் வந்தவர்கள். பல தசாப்தங்களாக இங்கே தொழுகிறோம், காணிக்கு உறுதி இருக்கிறது என்றது பள்ளிவாசல் தரப்பு. எந்தத் தரப்பு சரி என்று சொல்ல வேண்டியது நீதிமன்றம். ஆனால் இரண்டே நாட்களில், மத விவகாரங்களுக்கும் பொறுப்பாயிருந்த பிரதமர் டி. எம். ஜயரத்ன பள்ளிவாசலை அகற்றும்படி பணித்தார். வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை. கூட்டம் கேட்டது, அரசு இசைந்தது.

'சட்டம் எல்லோருக்கும் பொதுதானே?' என்று கேட்பவர்கள் உண்டு. பொதுதான், அதனால்தான் அது கூட்டத்தின் வாயிலிருந்து வரக்கூடாது. வெறுப்பு தன்னை வெறுப்பென்று சொல்லிக்கொண்டு அரசியலுக்குள் வருவதில்லை. தம்புள்ளையில் அது காணிச் சட்டத்தைப் பேசியது. 2020இல் சுகாதாரத்தைப் பேசியது. கொரோனாவில் இறந்தவர்களைப் புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும், தகனம் மட்டுமே என்று வர்த்தமானி வந்தது. 2021 பெப்ரவரியில் அது விலக்கப்பட்டபோது புதிய விஞ்ஞானம் எதுவும் பிறந்திருக்கவில்லை. 276 முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டதற்கு மன்னிப்புக் கோர அமைச்சரவை முடிவெடுத்தது 2024 ஜூலையில்தான்.

2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலை மறக்கலாமா என்பது அடுத்த கேள்வி. மறக்கக்கூடாது. அதற்குத் தலைமை தாங்கிய சஹ்ரானைப் பற்றி முன்கூட்டியே முறையிட்டவர்கள் காத்தான்குடி முஸ்லிம்கள் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். அந்த முறைப்பாடுகளை அலட்சியம் செய்தது அரசு. தாக்குதலைத் தொடர்ந்த வன்முறையில், 2019 மே மாதம் மினுவாங்கொடையில் கடைகளை இழந்தவர்களோ முஸ்லிம்கள். பௌத்தத்துக்கு முதன்மை இடம் தரும் அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரையைக் காட்டுகிறவர்கள் அதை முழுதாக வாசிக்கட்டும். எல்லா மதங்களுக்கும் 10ஆம், 14(1)(உ) உறுப்புரைகள் வழங்கும் உரிமைகளை உறுதிப்படுத்தியபடியேதான் அந்த முதன்மை சொல்லப்பட்டிருக்கிறது.

தமிழர்களான நம்மவர்களிடமும் ஒரு முணுமுணுப்பு உண்டு: 'இது அவர்கள் பிரச்சினை.' 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் துரத்தப்பட்டபோதும் பலர் அப்படித்தான் இருந்தோம். தம்புள்ளை இதற்கும் பதில் வைத்திருக்கிறது. பள்ளிவாசலுக்குச் சொன்ன அதே புனித பூமி நியாயம் அங்கிருந்த பத்திரகாளி அம்மன் கோவிலுக்கும் சொல்லப்பட்டது. 2013 ஒக்டோபர் இறுதியில் கோவில் இடிக்கப்பட்டது. பள்ளிவாசலுக்காகப் பேசுவது பெருந்தன்மை அல்ல. நம் கோவிலுக்கான வாதமும் அதுவே.

இத்தகைய கூட்டங்களைத் தடுக்கப் புதுச் சட்டம் தேவையில்லை. மத வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்கும், குடியியல் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டம் (ICCPR) 2007 முதல் இருக்கிறது. 2019இல் அதன் கீழ் ஒரு சிங்களச் சிறுகதை எழுத்தாளர் நான்கு மாதம் சிறையிலிருந்தார். பள்ளிவாசலை முற்றுகையிட்டவர்களோ இரண்டு நாளில் பிரதமரின் உத்தரவைப் பெற்றார்கள். வாக்குக் கேட்டு மாத்தளைக்கு வரும் எந்தக் கட்சியிடமும் கேட்க ஒரு கேள்வி போதும்: அடுத்த கூட்டம் திரளும் நாளில் பொலிஸாரை யார் பக்கம் நிறுத்துவீர்கள்?