பொப்கற், மலைச்சரிவு, கெட்டிக்காரத் தம்பிமார்

ஒக்ரோபர் வந்தால் மெல்பேணின் கிழக்குப் பக்க மலைகளில் பற்றை வெட்டுகிற வேலை சூடு பிடித்துவிடும். நெருப்புக் காலத்துக்கு முதல் காணியைத் துப்புரவாக்கு என்று கவுன்சில் கடிதம் போடும். அந்தக் கடிதத்தில் பிழை பிடிக்க நான் வரவில்லை. 1983 பெப்ரவரி 16இல் கொக்கற்றூ எரிந்ததும், 2009 பெப்ரவரி 7இல் விக்ரோரியாவில் 173 பேர் இறந்ததும் இங்கே எல்லாருக்கும் நினைவிருக்கிறது. ஆனால் கடிதம் கிடைத்த வீட்டுக்காரர் ஒப்பந்தக்காரரைக் கூப்பிட, அவர் துணை ஒப்பந்தக்காரரைக் கூப்பிட, அவர் டண்டினோங்கில் இருக்கிற எங்கட பெடியன் ஒருவனுக்குப் போன் போட்டு, "நீ ஊரிலை உழவு மெசின் ஓடினனிதானே தம்பி, இதுவும் அப்பிடித்தான்" என்று சொல்லுவார் பாருங்கள், அந்த வசனத்தோடுதான் என்ர சண்டை.

இது அப்படியல்ல. யாழ்ப்பாணத்தில் கீரிமலை என்ற பெயரில் மட்டும்தான் மலை. வன்னி வயலில் வரம்பு ஏறி இறங்கினதுதான் எங்களுக்குத் தெரிந்த பெரிய ஏற்றம். உழவு மெசினில் பத்து வருடம் இருந்தவனுக்கும் இந்தச் சரிவு புதுசு.

மெசினும் சரிவுக்கென்று பிறந்ததல்ல. ஸ்கிட் ஸ்டியர் என்பதை எந்தக் கொம்பனி செய்தாலும் நாங்கள் பொப்கற் என்றுதான் சொல்லுவோம். 1957இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் கெல்லர் சகோதரர்கள் இருவர், ஒரு வான்கோழிப் பண்ணைக்காரர் கொட்டிலுக்குள் எரு அள்ளுவதற்காகச் செய்து கொடுத்த சாமானில் இருந்து வளர்ந்தது இது. ஒடுங்கின இடத்துக்குள் நின்ற நிலையில் திரும்பவேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். அதனால் கட்டை, ஒடுக்கம். இப்போதைய நாலு சில்லுப் பொப்கற்றில் சில்லு எதுவும் திரும்பாது. ஒரு பக்கச் சில்லுகள் வேகமாக ஓட மற்றப் பக்கம் இழுபட்டுச் சறுக்கும், அதுதான் திருப்பம். மட்டமான சீமெந்துத் தரையில் அது வசதி. ஈரப் புல் மூடிய சரிவில் அதே திருப்பம் மண்ணைக் கிளறி, மெசினைக் கீழ்ப்பக்கம் வழுக்க விடும். வசந்தத்தில் புல் வளர்ந்து, நிலம் இன்னும் காயாமல் இருக்கிற அந்தச் சில கிழமைகளில்தான் இந்த வேலை முழுதும் நடக்கிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

பாரக் கதை இன்னும் மோசம். வாளியில் ஒன்றும் இல்லாத பொப்கற்றின் பாரம் பின்பக்கம், எஞ்சின் இருக்கிற பக்கம். "பாரமான பக்கம் மேட்டுப் பக்கம் நிற்கவேண்டும்" என்பது அடிப்படை விதி. ஆகவே வெறும் மெசின் பின்னுக்காக ஏறி, முன்னுக்காக இறங்கவேண்டும். இதை எல்லாரும் பாடமாக்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் முன்னுக்குப் பல நூறு கிலோ எடையுள்ள பற்றைவெட்டியைக் கொழுவினால் எந்தப் பக்கம் பாரம்? அது மெசினையும் வெட்டியையும் பொறுத்தது. சிலதில் முன்பக்கம்தான் பாரமாகிவிடும், விதி தலைகீழாகும். உயரமான பற்றையை மேலிருந்து அமத்த என்று கையை உயர்த்தினால், மட்டத் தரையில் நின்ற கணக்கும் போய்விடும். மெசினில் எழுதியிருக்கிற தூக்கும் அளவு, சில்லு மெசினுக்குக் கவிழும் பாரத்தின் பாதி; செயின் மெசினுக்கு 35 வீதம். அந்தக் கவிழும் பாரத்தை அளப்பது மட்டமான கெட்டித் தரையில். சரிவில் அந்த எண்ணைக் காட்டி "இது தாங்கும்" என்று சொல்லுகிறவருக்கு ஒன்றில் விளங்கவில்லை, அல்லது விளங்கியும் சொல்லுகிறார்.

அடுத்தது "முப்பது" என்ற சொல். "சரிவு ஒரு முப்பது இருக்கும், பெரிசில்லை" என்பார்கள். முப்பது என்ன? முப்பது வீதம் என்றால் 17 பாகைக்குக் கிட்ட. முப்பது பாகை என்றால் 58 வீதத்துக்குக் கிட்ட. இந்த வித்தியாசத்தில் ஆள் சாகலாம். (நூறு வீதம் என்றால் செங்குத்துச் சுவர் என்று நினைக்கிற ஆட்களையும் கண்டிருக்கிறேன். அது 45 பாகை.)

அதுவும் கண்ணால் பார்க்கிற சராசரிச் சரிவு. பற்றைக்குக் கீழே வொம்பற் கிண்டின வளை இருக்கும், விழுந்த மரக்கட்டை இருக்கும். ஒரு சின்னக் கணக்கு. சில்லுக்குச் சில்லு ஒன்றரை மீற்றர் அகலமான மெசின், 15 பாகைச் சரிவில் குறுக்காகப் போகிறது. கீழ்ப்பக்கச் சில்லு 20 சென்ரிமீற்றர் குழிக்குள் இறங்கினால் ஏழரைப் பாகை கூடும். அதே நேரம் மேற்பக்கச் சில்லு 20 சென்ரிமீற்றர் கட்டையில் ஏறினால் இன்னொரு ஏழரை. 15 என்று போனவன் 30இல் நிற்கிறான். இதற்காகத்தான் குறுக்காக ஓடாதே, மேலே கீழே நேராக ஓடு என்று சொல்லுகிறார்கள். இதற்காகத்தான் முதலில் இறங்கி நடந்து பார், குழிக்கும் கட்டைக்கும் கொடி கட்டு என்கிறார்கள். காணிக் கணக்கில் காசு கொடுக்கிற முதலாளிக்கு அந்த அரை மணித்தியால நடை "சும்மா நிற்கிற நேரம்".

வெட்டி எறிகிற கல்லைப் பற்றிச் சுருக்கமாக. வெட்டிக் கையேடுகளில் ஆட்களை 90 மீற்றர் அளவுக்குத் தள்ளி நிற்கச் சொல்லியிருப்பதைப் பார்க்கலாம். மேலிருந்து கீழே எறிபடுகிற கல் மட்டத்தில் போகிறதைவிடத் தூரம் போகும். கீழே ரோட்டு, கார், வீட்டு யன்னல். இருக்கிறவனுக்கு முன்னால் இந்த வேலைக்கென்று செய்த தடித்த பொலிகாபனேற் கதவு வேண்டும், சாதாரண கண்ணாடி காணாது. எண்ணெயை நிற்பாட்டினாலும் தகடு உடனே நிற்காது, சுற்றி ஓயும் வரை இருக்கையை விட்டு எழும்பக்கூடாது.

கவிண்டால்? பட்டி போட்டபடி உள்ளேயே இருக்கவேண்டும். பாய்கிறவன் மேல்தான் கூண்டு விழும். எங்கட ஆட்கள் சிலர், ஏறி இறங்க இடைஞ்சல் என்று பட்டியை முதுகுக்குப் பின்னால் பூட்டி வைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். இதைச் சாமர்த்தியம் என்று வட்சப்பில் படம் வேறு போடுகிறார்கள். அதுக்குக் கீழே "கலக்கிறாய் மச்சான்" என்று எழுதுகிறவர்களையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன்.

ஏனென்றால் "நல்ல ஓட்டுநர் எந்த மலையிலும் ஏத்துவான்" என்ற கதை முதலாளிக்கு மட்டும்தான் லாபம். செங்குத்தான இடத்துக்கு வேறு வழி இருக்கிறது. தூரத்தில் நின்று ரிமோட்டில் ஓட்டுகிற சரிவு வெட்டி இருக்கிறது. மேலே மட்டமான பாதையில் நின்றபடி கையை நீட்டி வெட்டுகிற எக்ஸ்கவேற்றர் இருக்கிறது. ஒன்றும் சரிவராவிட்டால் தோளில் கொழுவுகிற கைமெசினோடு நாலுபேர். எல்லாத்துக்கும் காசு கூட. அந்தக் கூடுதல் காசைத்தான் ஒரு பெடியனின் "கெட்டித்தனம்" மிச்சம் பிடித்துக் கொடுக்கிறது. கவிழ்ந்த அன்று அதே ஆள் "அவனுக்கு ஓடத் தெரியேல்லை" என்பார்.

இங்கே போர்க்லிப்ட் ஓட லைசென்ஸ் வேண்டும். பொப்கற்றுக்கு அந்த லைசென்ஸ் இல்லை. பயிற்சி கொடுத்து, தெரியும் என்று உறுதிப்படுத்துவது வேலை கொடுப்பவரின் பொறுப்பு. நான் போன பயிற்சி வளவு கிரிக்கெட் மைதானம் மாதிரி மட்டம். அங்கே வாங்கின அட்டையைக் காட்டித்தான் மலைக்கு ஏற்றுகிறார்கள்.

"நீ ஏபிஎன்னில் வேலை செய்கிறாய், உன்ர பொறுப்பு உனக்கு" என்பது இன்னொரு பயமுறுத்தல். விக்ரோரியாவின் 2004ஆம் ஆண்டு வேலைப் பாதுகாப்புச் சட்டம், தன் கட்டுப்பாட்டில் இருக்கிற விசயங்களுக்கு முதலாளியின் கடமையைத் துணை ஒப்பந்தக்காரருக்கும் நீட்டியிருக்கிறது. 2020 யூலை 1 முதல் வேலையிட மரணத்துக்குச் சிறை வரை போகிற குற்றமும் உண்டு. ஆனால் அந்தச் சட்டம் ஆள் செத்த பிறகு வரும்.

பிரிட்ஜிங் விசாவில் இருக்கிறவன் எப்படி மாட்டன் என்று சொல்லுவான் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நானும் அந்த விசாவில் இருந்தவன், அடுத்த போன் வராதோ என்ற பயம் எனக்கும் தெரியும். அதனால்தான் இதை அவனுக்கு எழுதவில்லை. அவனுக்கு வேலை பிடித்துக் கொடுக்கிற எங்கட அண்ணைமாருக்கு எழுதுகிறேன். உங்களுக்குப் பிஆர் இருக்கிறது, வீடு இருக்கிறது, ஒப்பந்தக்காரரின் நம்பர் இருக்கிறது. அடுத்த முறை தம்பிக்குப் போன் போட முதல் அவருக்குப் போடுங்கோ. எத்தனை பாகை, பாகையா வீதமா, எந்த வெட்டி, ஆர் நடந்து பார்த்தது என்று கேளுங்கோ. கையில் இருக்கிற போனிலேயே சரிவு அளக்கலாம், அவரை அளந்து படம் அனுப்பச் சொல்லுங்கோ. மெசினுக்கு ஒரு கையேடு, வெட்டிக்கு ஒரு கையேடு. இரண்டிலும் சரிவு எண் இருந்தால் குறைந்ததுதான் எண். அதுக்கு மேலே என்றால் அந்தக் காணிக்கு ஆள் இல்லை என்று நீங்களே சொல்லிவிடுங்கோ. தம்பிக்குத் தெரியவே வேண்டாம்.