அச்சாரப் பணம் வாடகை ஆகாது

பங்குச் சந்தைக்குப் புதிதாக வருபவர்களிடம் ஒரு நம்பிக்கை வேகமாகப் பரவி வருகிறது. அமெரிக்கச் சந்தையில் பட்டியலிடப்பட்டிருக்கும் ஆப்ஷன் வருமான ஃபண்டுகளில் பணத்தைப் போட்டால் ஆண்டுக்கு 12 சதவீதம், சிலவற்றில் 50 சதவீதத்துக்கும் மேல், தவணை தவறாமல் கைக்கு வரும் என்கிறார்கள். வீட்டை விற்காமல் வாடகை வாங்குவதுபோலப் பங்கை விற்காமலே பிரீமியம் வாங்கலாம். சந்தை விழுந்தாலும் அந்தப் பிரீமியம் தாங்கிக்கொள்ளும். சில ஆண்டுகளில் போட்ட முதல் முழுக்கத் திரும்பிவிடும், அதற்கப்புறம் வருவதெல்லாம் லாபம். இதில் எதுவும் அப்பட்டமான பொய் இல்லை. ஒவ்வொன்றிலும் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் நம்பத் தோன்றுகிறது. ஓய்வூதியம் இல்லாமல் சேமிப்பை மட்டும் வைத்திருப்பவர்களும், இந்த வரவை நம்பி வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கும் இளைஞர்களும் அந்தப் பாதி உண்மையை நம்பி முடிவெடுக்கிறார்கள் என்பதால் மீதிப் பாதியைச் சொல்லியே ஆக வேண்டும். இந்த ஃபண்டுகள் தருவது சொத்து ஈன்ற வருமானம் அல்ல. அந்தச் சொத்தின் நாளைய ஏற்றத்தை இன்றே விற்றதற்குக் கிடைத்த விலை அது.

முதலில் வாடகை என்ற உவமை. வாடகைக்கு விட்டவரின் வீட்டு விலை இரண்டு மடங்கானால் அந்த உயர்வு முழுவதும் அவருக்குத்தான். குடியிருப்பவருக்கு அதில் பங்கு கிடையாது. இந்த ஃபண்டுகள் செய்வதுபோலக் கால் ஆப்ஷனை, அதாவது ஒரு பங்கைக் குறித்த கெடுவில் குறித்த விலைக்கு வாங்கும் உரிமையை, விற்பது அப்படிப்பட்டதல்ல. அது அச்சாரம் வாங்கிக்கொண்டு கிரய ஒப்பந்தம் போடுவதற்கு நிகரானது. 50 லட்ச ரூபாய் பெறும் மனையை மூன்று மாதக் கெடுவில் 52 லட்சத்துக்குத் தருவதாக எழுதிக் கொடுத்து, ஒரு லட்சம் அச்சாரம் வாங்கியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கெடுவுக்குள் அந்தப் பக்கம் புறவழிச்சாலை அறிவிப்பு வந்து விலை 70 லட்சமானாலும் 52 லட்சத்துக்கே பத்திரம் எழுதித் தர வேண்டும். விலை 40 லட்சமாகச் சரிந்தாலோ, அச்சாரம் போனால் போகட்டும் என்று வாங்குபவர் விலகிக்கொள்வார். மனை நம் தலையில், கையில் ஒரு லட்சம். ஏற்றம் அவருக்கு, இறக்கம் நமக்கு, இடையில் அந்த ஒரு லட்சம் என்பதுதான் கவர்டு கால் உத்தியின் முழு அமைப்பு. இதையே மாதாமாதம், சில ஃபண்டுகளில் வாராவாரம், விடாமல் செய்கிறார்கள். அச்சாரத் தொகை, அதாவது பிரீமியம், எவ்வளவு என்பதை மேலாளரின் திறமை தீர்மானிப்பதில்லை. 1973-இல் சிகாகோ ஆப்ஷன் சந்தை திறந்த அதே ஆண்டில் வெளியான பிளாக்-ஷோல்ஸ் சூத்திரம் காட்டியபடி, ஒரு பங்கு எந்த அளவுக்கு ஏறி இறங்கும் என்று சந்தை எதிர்பார்க்கிறதோ அந்த அளவுக்குப் பிரீமியம் பெருகும். பல நிறுவனங்களை உள்ளடக்கிய குறியீட்டின்மேல் எழுதிய ஆப்ஷனைவிட டெஸ்லா என்ற ஒற்றைப் பங்கின்மேல் எழுதிய ஆப்ஷன் அதிகப் பிரீமியம் தருவதற்குக் காரணம் இதுதான். விளம்பரத்தில் 50 சதவீதம் என்று போட்டிருந்தால், அடியில் இருக்கும் பங்கு அந்த அளவுக்குத் துள்ளக்கூடியது என்று அதற்கு அர்த்தம்.

அடுத்தது பாதுகாப்பு. சந்தை விழும்போது பிரீமியம் தாங்கும் என்பது ஒரே ஒரு மாதத்தை மட்டும் பார்த்தால் சரி. சரிவுக்குப் பின் மீட்சி வரும்போது என்ன நடக்கிறது என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு பங்கு 100 டாலரில் இருக்கிறது. ஃபண்டு 100 டாலர் ஸ்ட்ரைக் விலையில், அதாவது ஒப்பந்த விலையில், கால் ஆப்ஷனை விற்று 2 டாலர் பிரீமியம் வாங்கி அதை நமக்குக் கொடுத்துவிடுகிறது. மாதக் கடைசியில் பங்கு 90-க்கு இறங்குகிறது. அடுத்த மாதம் 90 டாலர் ஸ்ட்ரைக் விலையில் விற்று 1.80 டாலர் கொடுக்கிறது. பங்கு மீண்டும் 100-க்கு ஏறுகிறது. சும்மா பங்கை வைத்திருந்தவரிடம் 100 டாலர் அப்படியே இருக்கிறது. ஃபண்டு வைத்திருந்தவரிடம் இருப்பது 90 டாலர் யூனிட்டும், வாங்கிய 3.80 டாலரும். இறங்கும்போது கூடவே இறங்கினார், ஏறும்போது வாசலில் நிறுத்தப்பட்டார். பங்கு இருந்த இடத்துக்கே திரும்பியும் அவருக்கு 6 டாலருக்கு மேல் நஷ்டம்.

ஏட்டுக் கணக்கோடு இது நிற்கவில்லை. நாஸ்டாக்-100 குறியீட்டின் பங்குகளை வைத்துக்கொண்டு, அதே குறியீட்டின்மேல் ஒரு மாதக் கால் ஆப்ஷன்களை நடப்பு விலையிலேயே விற்கும் குளோபல் எக்ஸ் நிறுவனத்தின் க்யூஒய்எல்டி ஃபண்டு 2013 டிசம்பரில் தொடங்கியது. 2020-இல் கோவிட் அச்சத்தில் மார்ச் மாதம் சந்தை சரிந்தபோது அதுவும் சரிந்தது. அந்த ஆண்டு முடிவில் குறியீடு சுமார் 48 சதவீதம் ஏறியிருந்தது. ஃபண்டின் லாபமோ, கொடுத்த தொகைகளையெல்லாம் சேர்த்தும் ஒற்றை இலக்கத்தைத் தாண்டவில்லை. 2022-ஐத்தான் ஆதரவாளர்கள் பெரிதாகக் காட்டுவார்கள்: குறியீடு சுமார் 33 சதவீதம் விழுந்தது, ஃபண்டு சுமார் 19 சதவீதத்தோடு தப்பித்தது. உண்மைதான். ஆனால் 2023-இல் குறியீடு 54 சதவீதம் ஏறியபோது ஃபண்டு ஏறியது சுமார் 22 சதவீதம். இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துப் பாருங்கள். குறியீட்டில் போட்ட 100 டாலர் 67 ஆகிப் பின் 103-க்குக் கொஞ்சம் மேலே வந்தது. ஃபண்டில் போட்டது, விநியோகத்தை எல்லாம் மறுபடி அதிலேயே போட்டிருந்தாலும், 81 ஆகி 99-க்கு அருகில் நின்றது.

நிலையான வருமானம் என்ற வாதத்துக்கு வருவோம். இந்த ஃபண்டின் விநியோக விதி வெளிப்படையானது: அந்த மாதம் வாங்கிய பிரீமியத்தில் பாதி, அல்லது நிகர சொத்து மதிப்பில் 1 சதவீதம், இரண்டில் எது குறைவோ அது. விகிதம் மாறாமல் இருந்தாலும் எதன்மீது விகிதம் என்பதுதான் கேள்வி. சுமார் 25 டாலரில் தொடங்கிய யூனிட்டின் விலை பத்து ஆண்டு கழித்து, 2023 முடிவில், 17 டாலர் அளவில் இருந்தது. 25 டாலரில் 1 சதவீதம் 25 சென்ட். 17 டாலரில் அதே 1 சதவீதம் 17 சென்ட். விளம்பரத்தில் சதவீதம் ஆடாமல் அசையாமல் நிற்க, கைக்கு வரும் மாதத் தொகை மூன்றில் ஒரு பங்கு சுருங்கிவிட்டது. அதே பத்தாண்டில் விலைவாசி ஏறிய கணக்கை இதில் நான் சேர்க்கவில்லை. வாடகையை இப்படி ஆண்டுக்கு ஆண்டு குறைத்துக்கொண்டே போகும் வீட்டுக்காரரை எந்த ஊரிலும் பார்க்க முடியாது.

50, 60 சதவீதம் என்று அறிவிக்கும் ஒற்றைப் பங்கு ஃபண்டுகளில் அந்தச் சதவீதம் எப்படிப் பிறக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மாத விநியோகமாக இருந்தால் கடைசியாகக் கொடுத்த தொகையை 12 ஆல் பெருக்கி, இன்றைய யூனிட் மதிப்பால் வகுக்கிறார்கள். 20 டாலர் யூனிட் ஒரு மாதம் ஒரு டாலர் கொடுத்தால் போதும், 60 சதவீதம் என்று எழுதிவிடலாம். அடுத்த பதினோரு மாதம் அதே தொகை வரும் என்ற உத்தரவாதம் அதில் எங்கும் இல்லை. வகுக்கும் எண்ணான யூனிட் மதிப்பு சரியச் சரிய சதவீதம் இன்னும் அழகாகத் தெரியும் என்பது இதிலுள்ள பெரிய கோளாறு. யீல்டுமேக்ஸ் நிறுவனத்தின் டிஎஸ்எல்ஒய் ஃபண்டு 2022 நவம்பரில் வந்தது. அது டெஸ்லா பங்கை நேரடியாக வைத்துக்கொள்வதில்லை. கால் ஆப்ஷனை வாங்கியும் புட் ஆப்ஷனை (குறித்த விலைக்குப் பங்கை விற்கும் உரிமையை) விற்றும் பங்கு வைத்திருப்பதுபோன்ற நிலையை உண்டாக்கி, அதன்மேல் இன்னொரு கால் ஆப்ஷனை விற்கிறது. பிணையாக அமெரிக்க அரசுப் பத்திரங்கள் இருக்கும். 2023-இல் டெஸ்லா பங்கு ஏறத்தாழ இரண்டு மடங்கானது. 2024 பிப்ரவரியில் பங்கு விலை ஃபண்டு தொடங்கிய நாளைவிட மேலேதான் இருந்தது. ஆனால் அந்த மாதமே ஃபண்டு இரண்டு யூனிட்டை ஒன்றாக்கும் தலைகீழ்ப் பிரிப்பைச் செய்ய வேண்டிவந்தது, ஏனென்றால் யூனிட் விலை தொடக்க விலையில் பாதிக்கும் கீழே போயிருந்தது. இடைப்பட்ட மாதங்களில் கொடுத்த விநியோகத்தைச் சேர்க்காமல் இதை முழு நஷ்டம் என்று சொல்வது நியாயமில்லை. அதைச் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். ஆனால் அடுத்த ஆண்டின் வரவை ஈட்ட வேண்டிய மூலதனம் பாதியாகிவிட்ட பிறகு, முன்பு வந்த தொகையே இனியும் வரும் என்று குடும்பச் செலவுக்குத் திட்டம் போட முடியாது.

பங்கை விற்க வேண்டியதில்லை, போட்ட முதல் திரும்பிவிடும் என்ற இரண்டு கூற்றுகளும் ஒரே தவறிலிருந்து பிறக்கின்றன. விநியோகத் தேதியன்று யூனிட்டின் மதிப்பு கொடுத்த தொகை அளவுக்கே குறைகிறது. ஒரு பாக்கெட்டிலிருந்து எடுத்து இன்னொரு பாக்கெட்டில் வைப்பதால் பணம் பெருகாது. டிவிடெண்ட் கொடுப்பதால் மட்டுமே ஒரு நிறுவனத்தின் மதிப்பு உயராது என்று மெர்ட்டன் மில்லரும் ஃபிராங்கோ மோடிலியானியும் 1961-இலேயே நிறுவினார்கள். அதே தர்க்கம் இங்கும் பொருந்தும். ஆகவே 100 டாலர் போட்டு, 100 டாலர் விநியோகமாக வந்து, யூனிட் 40 டாலரில் நிற்கிறது என்றால் மொத்த லாபம் 40 டாலர்தான். இனி எல்லாம் இலவசம் என்ற மனநிலை, அந்த 40 டாலரும் கரையும்போது கவனிக்காமல் இருக்கத்தான் உதவுகிறது. இங்கே விமர்சகர்கள் செய்யும் ஒரு பிழையையும் சொல்லிவிட வேண்டும். 1940-ஆம் ஆண்டின் அமெரிக்க முதலீட்டு நிறுவனச் சட்டத்தின் 19(ஏ) பிரிவின்படி வரும் அறிவிப்பில் மூலதனத் திருப்பம் என்று இருந்தாலே, நம் பணத்தையே நமக்குத் திருப்பித் தருகிறார்கள் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது பெரும்பாலும் வரிக்கணக்கின் வகைப்பாடு. நல்ல லாபம் ஈட்டிய ஆண்டிலும் அப்படி வரலாம். மூலதனம் கரைகிறதா என்பதை அந்த வார்த்தை சொல்லாது. பல ஆண்டுகளின் யூனிட் மதிப்பு சொல்லும். நாமாகவே யூனிட்டை விற்பதில் இன்னொரு வசதியும் உண்டு. வேண்டிய மாதம் வேண்டிய தொகைக்கு விற்கலாம், லாபப் பகுதிக்கு மட்டுமே வரி. டிவிடெண்டாக வகைப்படுத்தப்படும் விநியோகம் வேண்டாத மாதத்திலும் வந்து வரியைக் கொண்டுவரும். இந்தியாவில் இருந்துகொண்டு இவற்றை வாங்குபவருக்கு அத்தகைய டிவிடெண்டில் 25 சதவீதத்தை அமெரிக்காவே பிடித்துக்கொள்ளும். அதற்கு இந்தியாவில் ஈடு கேட்கலாம் என்றாலும் வருமான வரி விகிதம் முழுதாகப் பொருந்தும்.

இந்த ஃபண்டுகளுக்கு ஆதரவான வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டிப் போக முடியாது. ஆப்ஷன் விலையில் சந்தை எதிர்பார்க்கும் ஏற்ற இறக்கம், பிறகு உண்மையில் நிகழ்வதைவிடப் பெரும்பாலும் சற்று அதிகமாகவே இருந்துவந்திருக்கிறது. காப்பீட்டு நிறுவனம் சராசரி இழப்பைவிடக் கூடுதலாகப் பிரீமியம் வாங்குவதுபோல, ஆப்ஷன் விற்பவருக்கும் ஒரு நியாயமான கூலி கிடைக்கிறது. இது உண்மை, மறுப்பதற்கில்லை. ஆனால் ரோனி இஸ்ரேலோவும் லார்ஸ் நீல்சனும் 2014-இல் கவர்டு கால் பற்றிய ஓர் உண்மையையும் எட்டுக் கட்டுக்கதைகளையும் பிரித்துக்காட்டி எழுதிய கட்டுரையில் அந்த ஒரே உண்மை இதுதான்: இதில் இருப்பது பங்கின் அபாயமும், ஏற்ற இறக்கத்தை விற்ற அபாயமும். வருமானம் என்பது கட்டுக்கதைகளின் பட்டியலில் வருகிறது. அபாயத்துக்கான கூலி இருக்கலாம்; அது மெல்லியது, பங்குப் பகுதியின் ஆட்டத்துக்குள் மறைந்துவிடக்கூடியது, 12 சதவீதம் என்ற விளம்பரத்தோடு அதற்குத் தொடர்பில்லை. 2020 மே மாதம் தொடங்கிய ஜேபி மார்கனின் ஜெப்பி ஃபண்டையும் ஆதரவாளர்கள் எடுத்துக்காட்டுவார்கள். 2022-இல் எஸ் அண்ட் பி 500 சுமார் 18 சதவீதம் சரிந்தபோது அது 4 சதவீதத்துக்கும் குறைவாகவே சரிந்தது. அதில் பெரும்பங்கு, அதிகம் ஆடாத நிறுவனங்களாகப் பார்த்துப் பங்குகளைத் தேர்ந்ததற்குச் சேர வேண்டியது. மறு ஆண்டு குறியீடு 26 சதவீதம் ஏறியபோது அது 10 சதவீதத்தைத் தொடவில்லை. தான் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து வாங்குபவருக்கு அது மோசமான ஃபண்டு அல்ல. தெரியாமல் வாங்குபவரைப் பற்றித்தான் என் கவலை.

ஓய்வுபெற்றவருக்கு ஏற்றம் எதற்கு, மாதச் செலவுக்குப் பணம் வந்தால் போதாதா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. அவருக்கு வேண்டியது குறைந்த ஆட்டமும் எடுத்துச் செலவழிக்கப் பணமும் என்றால், நேர்மையான ஒப்பீடு முழுக் குறியீட்டோடு அல்ல, இன்னும் எளிய ஓர் ஏற்பாட்டோடுதான். நடப்பு விலையில் ஆப்ஷன் விற்ற ஃபண்டு தொடக்கத்தில் பங்கின் அசைவில் ஏறத்தாழ பாதியைத்தான் பிரதிபலிக்கும். எனவே ஒவ்வோர் ஆண்டுத் தொடக்கத்திலும் பாதிப் பணத்தை நாஸ்டாக்-100 குறியீட்டு ஃபண்டிலும் பாதியைக் குறுகியகால அமெரிக்க அரசுப் பத்திரத்திலும் சமமாகப் பிரித்து வைப்பவரைப் பார்ப்போம். பத்திரத்தின் வட்டியை ஒரு சென்ட்கூடச் சேர்க்காமல் கணக்கிட்டாலும், 2022-இன் 33 சதவீதச் சரிவில் அவருடைய 100 டாலர் 83.50 ஆகும்; க்யூஒய்எல்டி-யின் 81-ஐவிட மேல். 2023-இன் 54 சதவீத ஏற்றத்தில் அது 106 ஆகும். ஃபண்டு நின்றது 99-இல். 2023-இன் பிற்பகுதியில் அந்தப் பத்திரங்கள் 5 சதவீதத்துக்கு மேல் வட்டியும் கொடுத்துக்கொண்டிருந்தன. மாதச் செலவுக்கு வேண்டிய தொகையை அவர் அந்தப் பத்திரப் பகுதியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், வேண்டாத மாதம் எடுக்காமல் விடலாம். குறியீட்டில் இருக்கும் பாதிக்கு எந்த மாதமும் உச்சவரம்பு கிடையாது.