சத்தியம் செய்த வீரனும், எதிரே வந்த புலியும்!

ராஜபாளையத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மொட்டை மாடியில் பாய் விரித்து ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் பேப்பர், பென்சில், இருபது முகம் கொண்ட ஒரு பகடை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்தவர் பால்கோவா பொட்டலத்தைப் பிரிக்கிறார்.

கதை சொல்பவர் ஆரம்பிக்கிறார். "உன் தம்பியைக் கொன்ற புலி இதோ, வலையில் சிக்கிக் கிடக்கிறது. உன் கையில் வாள். ஆனால், இந்தக் காட்டின் உயிர்களைக் காப்பேன் என்று நீ சத்தியம் செய்திருக்கிறாய். என்ன செய்யப் போகிறாய்?"

"யோசிக்காதீங்கண்ணே, வெட்டுங்க!" என்கிறார் திருடன் வேஷம் எடுத்தவர். வீரன் வேஷம் எடுத்தவருக்கோ வாய் திறக்க முடியவில்லை.

இது வெறும் விளையாட்டுதானே? ஆமாம். ஆனாலும் அந்த நிமிடம் யாரும் மொபைலைத் தொட மாட்டார்கள்!

அது என்ன விளையாட்டு?

'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்'. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உருவாக்கியது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, 'நான் இதைச் செய்கிறேன்' என்று சொல்லிச் சொல்லியே கதையை நகர்த்துவார்கள். செய்தது பலித்ததா, சொதப்பியதா என்பதைப் பகடை சொல்லும்.

மந்திரவாதி, திருடன், போர்வீரன் எனப் பல பாத்திரங்கள் உண்டு. 1975-ல் வந்த 'கிரேஹாக்' என்ற துணைப் புத்தகத்தில் புதிதாக ஒருவர் சேர்ந்தார். அவர்தான் 'பேலடின்', அதாவது புனித வீரன். கை வைத்தால் காயம் ஆறும், நோய் அண்டாது. கேட்கவே ஜோராக இருக்கிறது இல்லையா? ஆனால், அதற்கான விலையும் பெரிது.

1978-ல் வந்த விதிப் புத்தகம் இந்த வீரனுக்குக் கடுமையான கட்டுப்பாடுகளை வைத்தது. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தானமாகக் கொடுக்க வேண்டும். மந்திரப் பொருள்கள் பத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. ஒழுங்கு தவறினால் பாவமன்னிப்பு கேட்டுப் பரிகாரம் செய்ய வேண்டும். தெரிந்தே ஒரு தீமை செய்துவிட்டால் போச்சு. புனித வீரன் என்ற தகுதி திரும்பவே திரும்பாது.

நல்லவர் வந்தாலே தகராறு!

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. திருடன் பூட்டை உடைக்கப் போனால், புனித வீரன் குறுக்கே நிற்பார். கைதியை மிரட்டினால் பிரசங்கம் செய்வார். 'என் பாத்திரம் அப்படித்தான்' என்று ஒரே வரியில் நாலு பேரின் சந்தோஷத்தையும் கெடுத்துவிடுவார். இப்படி ஆடுபவர்களுக்கு 'லாஃபுல் ஸ்டுப்பிட்' என்று ஒரு கேலிப் பெயரே உண்டு. சட்டம் பேசும் மக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

கதை சொல்பவர் மீதும் தப்பு வரலாம். எந்தப் பக்கம் போனாலும் சத்தியம் உடையும்படி வேண்டுமென்றே வலை விரித்து, 'பார், விழுந்துட்டே!' என்று சிரித்தால், அடுத்த வாரம் அந்த நண்பர் மாடிப்படி ஏற மாட்டார்.

நமக்குத் தெரிந்த இருவர்

இந்தச் சங்கடம் நமக்குப் புதிதல்ல. மகாபாரதத்தில் தருமரின் தேர் நிலத்தில் படாமல் நான்கு விரற்கடை உயரத்தில் ஓடியது. 'அஸ்வத்தாமன் இறந்தான்' என்ற அந்த அரைப் பொய்யைச் சொன்னதும் தேர் தரையைத் தொட்டது. அவர் பக்கம் போரில் ஜெயித்தது. ஆனால், தேர் இறங்கியது இறங்கியதுதான்.

பீஷ்மரோ சத்தியத்தை மீறவே இல்லை. ஆனால், சபையில் திரௌபதி நியாயம் கேட்டபோது அவரால் அவளைக் காப்பாற்ற முடியவில்லை.

ஒருவர் வாக்கு தவறினார், இன்னொருவர் வாக்கைக் காத்தார். இரண்டு இடத்திலும் மனசு உறுத்துகிறது. சத்தியம் யாருக்காக, என் பெயருக்காகவா, எதிரே நிற்பவருக்காகவா? புனித வீரனாக ஆடுபவர் பதில் தேட வேண்டிய கேள்வி அதுதான்.

எப்படி ஆடலாம்?

2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு விதியை நிறையத் தளர்த்தியது. இப்போது முக்கியம், வீரன் எடுக்கும் உறுதிமொழிதான். நேர்மைக்காக ஒன்று, இயற்கையைக் காக்க ஒன்று, பழிதீர்க்க ஒன்று எனத் தேர்ந்தெடுக்கலாம்.

முதல் நாளே உங்கள் சத்தியத்தை ஒரே வரியில், தமிழில் எழுதி எல்லோருக்கும் படித்துக் காட்டிவிடுங்கள். அது உங்களைக் கட்டுப்படுத்தட்டும். நண்பர்களைக் கட்டிப்போட வேண்டாம். திருடன் திருடினால் அடிக்கப் பாயாமல், பறிகொடுத்தவருக்கு உங்கள் பங்கிலிருந்து கொடுத்துப் பாருங்கள். கதை இன்னும் சூடாகும்! கதை சொல்பவர் தண்டனையோடு பரிகாரத்துக்கும் ஒரு வழி வைக்க வேண்டும்.

செலவு பற்றிய பயம் வேண்டாம். அடிப்படை விதிகள் 2023 முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பகடைக்கு மொபைல் ஆப் போதும்.

கதைக்கும் வெளியே தேட வேண்டியதில்லை. வில்லி, கண்டன் என்ற வேடர் சகோதரர்களில் கண்டனைப் புலி கொன்றதாகவும், வில்லி உருவாக்கிய ஊரே வில்லிபுத்தூர் ஆனதாகவும் தலபுராணம் சொல்கிறது. அதே மலைக்காடு 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. தம்பியைக் கொன்ற புலியா, காக்க வேண்டிய புலியா? மொட்டை மாடியில் கேட்ட கேள்வி இந்த மண்ணிலிருந்தே வந்ததுதான்.

சரி, அந்த வீரன் என்ன செய்தார்? பகடையை எடுக்கக் கை நீட்டுகிறார். கதை சொல்பவர் அதை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார். "இதுக்குப் பகடை கிடையாது. நீயே சொல்லு."

உங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்திருந்தால், நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?