புதுக்கோட்டையில் உழவும் எரிசக்தியும்: வேலைவாய்ப்பு குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

எரிசக்தித் திட்டம் ஒன்று வேலைவாய்ப்பைக் காட்டி ஆதரவு கோரும்போது, அந்த வேலை யாருக்கு, எத்தனை காலத்துக்கு, எவருடைய நிலத்தையும் நீரையும் செலவிட்டுக் கிடைக்கிறது என்பதை ஆராய்ந்த பின்னரே முடிவெடுக்க வேண்டும் என இவ்வறிக்கையை வெளியிடும் அமைப்பு கருதுகிறது. 2017 பிப்ரவரியில் ஆலங்குடி வட்டத்து நெடுவாசலில் ஹைட்ரோகார்பன், அதாவது நிலத்தடியிலுள்ள கச்சா எண்ணெயும் இயற்கை எரிவாயுவும், எடுக்க மத்திய அரசு ஒப்புதல் அளித்ததை எதிர்த்து ஊர்மக்கள் திரண்டதை வளர்ச்சிக்கு எதிரான பிடிவாதம் என்று சிலர் கருதினர். உண்மையில் அது சரியான கணக்கு. துளையிடும் காலத்துக்குத் தேவையான தேர்ந்த பணியாளர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்தே வருவர், உற்பத்தி தொடங்கியபின் கிணற்றைக் கவனிக்கச் சிலரே போதும். அதே செம்மண்ணில் நிற்கும் வாழையும் மல்லிகையும் பலாவும் நடவு, களையெடுப்பு, பறிப்பு, சுமையேற்றம் என்று மாறி மாறி ஆள் கேட்பவை.

2020-இல் இயற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், காவிரி டெல்டாவுடன் இம்மாவட்டத்தின் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஆகிய ஐந்து ஒன்றியங்களையும் சேர்த்து, புதிய எண்ணெய், எரிவாயு அகழ்வுக்குத் தடை விதித்தது. அதை இவ்வமைப்பு வரவேற்கிறது. ஆயினும் தடை நிலத்தைக் காக்குமேயன்றி, படித்துவிட்டு வேலை தேடித் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் செல்லும் இளைஞரை ஊரில் நிறுத்தாது.

சூரியசக்தியே மாற்று என்று பொதுவாகச் சொல்லப்படுவதிலும் எச்சரிக்கை தேவை. தமிழ்நாட்டில் 1990 முதல் பம்புசெட்டுகளுக்கு மின்சாரம் இலவசம்; 2019-இல் தொடங்கிய பிஎம் குசும் திட்டம் சூரியசக்தி பம்புசெட்டுகளுக்கு மானியம் வழங்குகிறது. ஆழ்துளைக் கிணறுகளை நம்பியிருக்கும் ஆலங்குடிப் பகுதியில், வெயில் உள்ளவரை செலவின்றி ஓடும் மோட்டார் நீர்மட்டத்தை மேலும் கீழே தள்ளும். குஜராத்தின் கேடா மாவட்டத்துத் துண்டி கிராமத்தில் 2016-இல் உழவர்கள் கூட்டுறவாக இணைந்து, பாசனம் போக எஞ்சிய மின்சாரத்தை மின்தொகுப்புக்கு, அதாவது பொது மின்கம்பி வலையமைப்புக்கு, விற்கத் தொடங்கினர். நீரை இறைக்காமல் இருப்பதற்கும் வருமானம் உண்டு என்னும் அந்த ஏற்பாடே இங்கும் பம்புசெட் மானியத்தோடு கட்டாயமாக இணைக்கப்பட வேண்டும்.

வேலை பெருகும் இடம் கிணற்றடியைவிட அறுவடைக்குப் பிந்தைய கொட்டகையே. ஆதனக்கோட்டையில் முந்திரிக்கொட்டையை விறகடுப்பில் வறுத்து, கட்டையால் தட்டி உடைத்துப் பருப்பெடுக்கிறார்கள். புகை கண்ணைக் கரிக்கும், ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் விரல்தோலை அரிக்கும். இவ்வேலையில் பெரும்பாலும் பெண்களே உள்ளனர். புகைபோக்கியுள்ள அடுப்பும், மின்சாரத்தில் இயங்கும் உடைப்புக் கருவியும், பருப்பைத் தரம் பிரித்து உறையிடும் வசதியும் அவர்களுடைய சுயஉதவிக் குழுக்களின் உடைமையாக வந்தால், அதே கைகளுக்குக் கூடுதல் கூலியும் குறைந்த காயமும் கிட்டும். தனியார் ஆலையாக வந்தாலோ, அந்தக் கைகளே தேவையற்றுப் போகக்கூடும். ஆகவே இயந்திரத்தின் உடைமை யாருடையது என்பதை இவ்வமைப்பு அதன் திறனுக்கு முன்பாக வைக்கிறது.

பலாப்பழம் குவியும் மாதங்களில் கமிஷன் கடைக்காரர் சொல்வதே விலை; முகூர்த்தம் இல்லாத நாள்களில் கீரமங்கலத்துப் பூவுக்கும் அதே கதி. சுளையை உலர்த்தும் சூரிய உலர்த்தியும் பூவை ஓரிரு நாள் காக்கும் குளிர்பதன அறையும் உழவருக்கு விலை பேசும் அவகாசத்தையும், அவற்றை இயக்கவும் பழுதுபார்க்கவும் ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கு உள்ளூர் வேலையையும் தரும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் பல்லாண்டு வளர்ந்த தென்னையையும் பலாவையும் ஒரே இரவில் சாய்த்த மாவட்டத்தில், தோப்பை மட்டும் நம்பாத இத்தகைய வருமானம் அவசியமானது.

ஒரு நிபந்தனை மீதமுள்ளது. சூரியத் தகடுகள் கொட்டகைக் கூரைகளிலும், ஊராட்சி, பள்ளிக் கட்டடங்களிலும் அமையட்டும். கண்மாய் உள்வாயிலோ மேய்ச்சல் புறம்போக்கிலோ அவற்றை நிறுவ, கிராம சபையின் ஒப்புதலும், அங்கு ஆடு மேய்ப்போருக்கு மாற்று நிலமும் இன்றி அனுமதி வழங்கப்படுவதை இவ்வமைப்பு எதிர்க்கும்.