புதியவருக்குக் கூடுதல் பணம், பழையவருக்கு?

2017ஆம் ஆண்டு ஒரு ஞாயிறு. வாலிபர் கூடுகை முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். நம் குழுவில் இருந்த தம்பி ஒருவர், லண்டனில் ஒரு சிறைச்சாலையில் பிரிசன் ஆபீசர் வேலை கிடைத்துவிட்டதாகச் சொன்னார். வயது 22. எல்லாரும் கைதட்டினோம். "சம்பளம் எவ்வளவு?" என்று ஒருவர் கேட்டார். நம் சபையில் இந்தக் கேள்விக்குத் தப்பியவர் யாரும் இல்லை. "தொடக்கமே 29,500 பவுண்டு" என்றார் தம்பி.

அதே அறையில், அதே வேலையை 19 வருடமாகச் செய்துவரும் அண்ணா ஒருவரும் இருந்தார். அவர் வேலை செய்தது லண்டனுக்கு வெளியே, வேறொரு சிறையில். அவரும் கைதட்டினார், தம்பியின் தோளைத் தட்டிக்கொடுத்தார். பிறகு கார் நிறுத்துமிடத்தில் என்னிடம் மட்டும் சொன்னார்: "தம்பி நல்லா வரட்டும். அவர்மேல எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. ஆனா 19 வருஷத்துக்குப் பிறகு நான் வாங்கிறதும் கிட்டத்தட்ட அதேதான். அப்படியெண்டா இந்த 19 வருஷத்துக்கு என்ன விலை?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். நம் பிள்ளைகளில் பலர் அரசாங்க வேலைகளுக்கும் மருத்துவமனை வேலைகளுக்கும் போகிறார்கள். புதியவரை இழுக்கப் பணம், இருப்பவருக்கு நன்றி மட்டும் என்ற இந்தக் கதையை நீங்களும் ஒருநாள் ஏதாவது ஒரு பக்கத்தில் நின்று சந்திப்பீர்கள்.

முதலில் நடந்தது என்னவென்று பார்ப்போம். 2010க்கும் 2014க்கும் இடையில் இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் இருந்த அதிகாரிகளின் எண்ணிக்கை நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைக்கப்பட்டது. 2013இல் தாமாக விலகுகிறவர்களுக்குத் தொகை கொடுத்து அனுப்பினார்கள். அப்படிப் போனவர்களில் நீண்ட காலம் வேலை செய்த அனுபவசாலிகள் ஏராளம். பிறகு சிறைகளில் வன்முறை கூடியது, போதைப்பொருள் கூடியது. 2016 நவம்பரில் அதே அரசாங்கம் வெள்ளை அறிக்கை ஒன்று வெளியிட்டு, 2,500 அதிகாரிகளைப் புதிதாகச் சேர்ப்போம் என்றது. ஆள் வரவில்லை, வந்தவர் நிற்கவில்லை. 2017 பிப்ரவரியில், அப்போது நீதித்துறை அமைச்சராக இருந்த லிஸ் டிரஸ், லண்டனிலும் தென்கிழக்கிலும் ஆள் கிடைக்காத 31 சிறைகளுக்கு வருடத்துக்கு 3,000 முதல் 5,000 பவுண்டு வரை மேலதிகக் கொடுப்பனவை அறிவித்தார். தம்பி சொன்ன 29,500 அப்படி வந்ததுதான்.

போகச் சொல்லிப் பணம் கொடுத்தார்கள். நான்கு வருடத்தில் வரச் சொல்லிப் பணம் கொடுத்தார்கள். நடுவில் போகாமலும் புதிதாக வராமலும் வெறுமனே இருந்தவருக்குத்தான் ஒன்றும் இல்லை.

அந்தக் கொடுப்பனவு இடத்துக்கும் தரத்துக்கும் கட்டப்பட்டது. நேற்று வந்தவரா, பத்து வருடம் நின்றவரா என்று அது பார்க்கவில்லை. பட்டியலில் உள்ள சிறைக்கும் பட்டியலில் இல்லாத சிறைக்கும் நடுவே சில மைல் தூரம்தான் இருக்கும். ஆனால் அந்தச் சில மைலுக்கு 5,000 பவுண்டு.

இனி அனுபவம் என்பது என்ன என்று சொல்ல வேண்டும். இதை அந்த அண்ணாவிடம் கேட்டுத்தான் நானே தெரிந்துகொண்டேன். காலையில் கதவுகளைத் திறந்ததும் விங் எப்படிச் சத்தம் போடுகிறது என்பதை வைத்தே அன்றைய நாள் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுவாராம். சத்தமாக இருந்தால் பயமில்லை. வழக்கமாகச் சத்தம் போடுகிற லேண்டிங் அமைதியாக இருந்தால்தான் பயம். ஒரு கைதி இரண்டு நாளாகச் சாப்பாட்டை எடுக்கவில்லை என்றால் யாருக்கோ கடன்பட்டிருக்கிறான், வெளியே வரப் பயப்படுகிறான் என்று பொருள். வீட்டுக்குத் தொலைபேசியில் பேசிவிட்டுத் திரும்புகிறவனின் நடையைப் பார்த்து, அன்றிரவு அவனை எத்தனை தடவை எட்டிப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்வாராம். இதெல்லாம் சில வாரப் பயிற்சியில் வருவதில்லை. ஒரு பழைய ஆளுக்குப் பக்கத்தில் நின்றால்தான் வரும். அப்படிப் பக்கத்தில் நிறுத்திச் சொல்லிக்கொடுக்கிற வேலைக்கு அண்ணாவுக்குக் கூலி கிடையாது. தன் விங்கையும் பார்த்துக்கொண்டு, புதியவரையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த இடத்தில் யாராவது திராட்சத்தோட்டத்து வேலைக்காரரின் உவமையை எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் வேதபாடத்தில் எடுத்தார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் முழுக்கூலி கிடைத்ததே, காலையில் வந்தவன் முறுமுறுக்கலாமா என்று. எனக்கு அந்த உவமை மிகவும் பிடிக்கும். ஆனால் அது கிருபையைப் பற்றிப் பேசுகிறது, அதைச் சம்பளப் பட்டியலாக வாசிக்கக் கூடாது. அப்படியே வாசித்தாலும், அந்த வீட்டெஜமான் தன் சொந்தப் பணத்தைக் கொடுத்தான், காலையில் பேசின கூலியைக் குறைக்காமலும் கொடுத்தான். பிந்தி வந்தவர்களுக்குத் தோட்டவேலையைப் பழக்கிவிடு என்று காலையில் வந்தவர்களிடம் அவன் சொல்லவில்லை. உவமை அன்றைக்குச் சாயங்காலத்தோடு முடிகிறது. மறுநாளும் அதே கணக்கு என்றால் விடியற்காலையில் எத்தனை பேர் சந்தைவெளிக்கு வந்திருப்பார்கள் என்று எங்கள் குழுவில் ஒரு தங்கை கேட்டாள். போதகர் சிரித்துவிட்டார்.

ஆனாலும் நியாயமாகப் பேசவேண்டும். அண்ணாவின் பக்கம் மட்டும் அநியாயம் நடக்கவில்லை. 2012-13இல் சிறைத்துறை புதிய ஒப்பந்தம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதன் பெயரே 'நியாயமானது, நிலைத்து நிற்கக்கூடியது' என்று பொருள் தரும். (பெயர் வைப்பவர்களுக்கு நகைச்சுவை உணர்வு இருக்கிறது.) அதன்பிறகு சேர்ந்தவர்கள் பழைய அதிகாரிகளைவிடக் குறைந்த சம்பளத்தில், அதே விங்கில், அதே கதவைப் பூட்டினார்கள். பக்கத்தில் நின்ற பழையவர் கூடுதலாக வாங்குகிறார் என்று அன்று மனம் நொந்தவர்கள் இளையவர்கள். ஓய்வூதியத்திலும் அப்படித்தான். இன்று இருபது வயதில் சேர்கிற ஒருவருக்கு முழு ஓய்வூதியம் 68 வயதில். 68 வயதில் ஒருவர் முப்பது வயதுக் கைதிகள் இருவரின் சண்டையை விலக்கிவிடுவாரா? அவர்களுடைய தொழிற்சங்கம் பல வருடமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது.

ஆகவே முதலில் புதியவரை மலிவாக எடுத்தார்கள். மலிவாக எடுத்தவர்கள் ஓடியதும் மேலே பணத்தை ஒட்டினார்கள். ஒட்டிய பணம் பழையவரின் கண்ணில் பட்டது. இப்போது இருவரும் ஒருவரையொருவர் பார்த்து முறைக்கிறார்கள். இரண்டு முடிவையும் எடுத்தது ஒரே கை என்பதை இருவருமே மறந்துவிடுகிறார்கள். எனக்கு இதில் அதிகம் வலிக்கிற இடம் இதுதான்.

இவர்களால் வேலைநிறுத்தமும் செய்ய முடியாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டம் அதைத் தடுக்கிறது. 2016 நவம்பர் 15ஆம் தேதி சிறைகளின் பாதுகாப்பின்மையைச் சொல்லி ஆயிரக்கணக்கானோர் வேலையை விட்டு வெளியே நின்றார்கள். அன்றைக்கே உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு அவர்களை உள்ளே அனுப்பியது. சம்பளத்துக்குத் தனியாக ஒரு பரிந்துரைக் குழு 2001 முதல் இருக்கிறது, ஆனால் பரிந்துரைதான், தீர்மானிப்பது அரசாங்கம். சத்தம்போட வழியில்லாதவருக்கு அதிகாரிகள் கேட்காமலே நியாயம் செய்ய வேண்டிய கடமை கூடுகிறது என்பது என் எண்ணம்.

புதியவருக்குப் பணம் கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. லண்டனில் ஓர் அறை வாடகையைத் தெரிந்தவர் யாரும் அப்படிச் சொல்லமாட்டார். அந்தத் தொகையை நிற்கிற வருடங்களோடு சேர்த்து வளரவிடுங்கள் என்கிறேன். மூன்றாம் வருடத்தில் ஒன்று, ஐந்தாம் வருடத்தில் அதைவிடக் கூட, பத்தாம் வருடத்தில் இன்னும் கூட. அப்போது அண்ணாவுக்கும் கிடைக்கும், தம்பிக்கும் நிற்க ஒரு காரணம் இருக்கும். புதியவரைப் பக்கத்தில் நிறுத்திப் பழக்குகிற பழைய அதிகாரிக்கு அதற்கென்று தனிக் கூலியும், அந்த நேரத்துக்கு விங்கில் இன்னொரு ஆளும் கொடுக்க வேண்டும். செலவாகும்தான். இருவரில் ஒருவர் ஓடிப்போய், அந்த இடத்துக்கு மறுபடி விளம்பரம் போட்டு, மறுபடி பயிற்சி கொடுப்பதற்கும் செலவாகிறதே.

அண்மைய வருடங்களின் அரசாங்கக் கணக்குகளில் அதிகாரிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மூன்று வருட அனுபவம்கூட இல்லை. 2024 மே மாதம் வான்ஸ்வொர்த் சிறையைப் பற்றித் தலைமைப் பரிசோதகர் சார்லி டெய்லர் அவசர அறிவிப்பு விடுத்தபோது, அங்கே எல்லாத் தரத்திலும் அனுபவமின்மை இருப்பதை ஒரு முக்கியக் குறையாக எழுதினார். வான்ஸ்வொர்த் இருப்பது லண்டனில்.

அந்தத் தம்பி 14 மாதத்தில் வேலையை விட்டுவிட்டார். இப்போது விமான நிலையத்தில் பாஸ்போர்ட் பார்க்கிற வேலை. போன கிறிஸ்துமஸ் பாடல் பவனியில் அவரும் அண்ணாவும் ஒரே காரில் வந்தார்கள், நான்தான் ஓட்டினேன். சம்பளம் போதாமலா விட்டீர்கள் என்று கேட்டேன். இல்லை என்றார். ஒரு மாலை ஷிப்டில் ஒரு கைதி தன் கையை வெட்டிக்கொண்டான். என்ன செய்வதென்று கேட்க அவர் திரும்பிப் பார்த்தாராம்.

"திரும்பிப் பார்த்தா, அண்ணா, அந்த லேண்டிங்கில எல்லாருக்கும் மூத்த ஆள் நான்தான்."

பின் இருக்கையில் இருந்த அண்ணா எதுவும் சொல்லவில்லை. அடுத்த வீடு வந்ததும் கிட்டாரை எடுத்துக்கொண்டு முதலில் இறங்கினார்.